கடை விரித்தோர் புராணம்

காப்பு

எந்தப் புராணமும் காப்புச் செய்யுளோடுதான் தொடங்கும். எடுத்த காரியம் கெடாமல் முடிய வேண்டுமே என்று பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. உலகளாவிய வலையைத் தொடங்கிய புண்ணியவான்கள் மெத்தப் படித்தவர்கள்; காப்பை மட்டும் மறந்துவிட்டார்கள். உலகத்தின் முதல் வலைப்பக்கம் முதல் நாளில் எப்படி இருந்தது என்று கேட்டால் எடுத்துக் காட்ட இன்று ஒரு பிரதி கிடையாது. அன்றாடம் திருத்தினார்கள், பழையதன் மேலேயே புதியதை எழுதினார்கள், சிலேட்டுப் பலகை மாதிரி.

இது நடந்தது ஜெனீவா பக்கம் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில். அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று மோதவிட்டுப் பார்க்கிறவர்கள் கூடுகிற இடம். 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், அங்கே சிதறிக் கிடந்த தகவல்களையெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போடலாமே என்று மேலாளரிடம் ஒரு திட்டத்தை நீட்டினார். மேலாளர் அதன் தலையில் கிறுக்கியதன் சாரம்: தெளிவாக இல்லை, ஆனால் சுவாரசியமாக இருக்கிறது. நம் ஊர் ஆபீசாக இருந்திருந்தால் முதல் பாதியோடு ஃபைல் திரும்பியிருக்கும்.

1990 கடைசியில் நெக்ஸ்ட் கம்பெனியின் கறுப்புப் பெட்டி ஒன்று முதல் வெப் சர்வர் ஆனது. ஊர் உறங்கினாலும் அது உறங்கக் கூடாது. யாராவது கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று சுவிட்சைத் தட்டிவிட்டால் உலகளாவிய வலை மொத்தமும் படுத்துவிடும், ஏனென்றால் மொத்தமே அந்த ஒரு பெட்டிதான். அதனால் டிம் அதன் மேல் ஒரு சீட்டை ஒட்டி, இது சர்வர், அணைக்காதே என்று சிவப்பு மையில் எழுதி வைத்தார், கூடவே இரண்டு ஆச்சரியக்குறி. இணையப் பாதுகாப்பின் முதல் கருவி ஒரு ஸ்டிக்கர்.

அந்த முதல் பக்கத்தில் படம் கிடையாது, பாட்டு கிடையாது. இது என்ன, யார் செய்கிறார்கள், எப்படிப் பெறுவது, உதவிக்கு எங்கே போவது, அவ்வளவுதான். மளிகைக் கடையோ தையல் கடையோ வைத்திருப்பவர் தன் சைட்டில் சொல்ல வேண்டிய நாலு சங்கதியும் அதில் இருந்தன. அதற்குப் பிறகு மனிதகுலம் சேர்த்தது பெரும்பாலும் தொந்தரவு. அந்தத் தொந்தரவுகளின் வரலாறே இந்தப் புராணம்.

பெயர் சூட்டு படலம்

முதல் டாட் காம் பெயரைப் பதிவு செய்தது சிம்பாலிக்ஸ் என்ற கணினிக் கம்பெனி, 1985 மார்ச் 15 அன்று. வலை பிறக்க இன்னும் ஐந்தாறு வருஷம் இருந்தது. அதற்குள் பெயர் சூட்டு விழா முடிந்துவிட்டது. அப்போது பெயர் இலவசம். 1995-ல்தான் இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று உண்டியல் வைத்தார்கள்.

இலவசமாகக் கிடைத்த காலத்தில் வாங்க ஆளில்லை. 1994-ல் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர் மெக்டொனால்ட்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு, உங்கள் பெயரில் டாட் காம் சும்மா கிடக்கிறதே, எடுத்துக்கொள்ளவில்லையா என்று விசாரித்தார். எதிர்முனையில் இருந்தவர்களுக்கு அவர் என்ன கேட்கிறார் என்றே பிடிபடவில்லை. சரி, கேட்பாரற்றுக் கிடக்கிற பிள்ளை என்று குவிட்னரே தத்து எடுத்தார். கம்பெனியின் கோமாளி ரொனால்டின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் வைத்துக்கொண்டார். பிறகு கம்பெனிக்கு ஞானம் பிறந்தது. நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணினி வசதிக்குப் பணம் கொடுங்கள், பெயரைத் தருகிறேன் என்றார் அவர். கொடுத்தார்கள், தந்தார். எல்லாப் பெயர் பிடிப்பவர்களும் இவ்வளவு நல்லவர்களாக இருக்க மாட்டார்கள்.

பெயர் வாங்கினால் மட்டும் போதாது, வருஷா வருஷம் திதி கொடுக்கிற மாதிரி பணம் கட்டவும் வேண்டும். 1999 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஹாட்மெயில்காரர்கள் பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. உலகத்தின் பெரும் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்றான மைக்ரோசாஃப்ட், ஹாட்மெயிலுக்கு நுழைவாசலான பாஸ்போர்ட் டாட் காம் என்ற பெயரைப் புதுப்பிக்க மறந்துபோயிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு லினக்ஸ் நிரலாளர், அதாவது எதிர்முகாம் ஆள். பாவம் என்று தன் கிரெடிட் கார்டில் 35 டாலர் கட்டிவிட்டார். கர்ணன் கதை படித்திருப்பார் போல.

உங்கள் கடைக்கு அப்படி ஒரு கர்ணன் வர மாட்டார். பெரும்பாலான கடை சைட்டுகளை மச்சினன்தான் செய்து கொடுக்கிறான். டொமைன் அவன் பெயரில், அவன் காலேஜ் நாளில் தொடங்கிய மின்னஞ்சலில், அவனுடைய காலாவதியான கார்டில் இருக்கும். அவன் துபாய் போன பிறகுதான் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அந்த மின்னஞ்சலுக்கு வரும். ஆகவே இன்றைக்கே பாருங்கள்: பதிவு யார் பெயரில், எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதி வரை? தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்குங்கள். தேதியைக் கடைக் காலண்டரில், பிரதோஷத்துக்குப் பக்கத்தில், சிவப்பு மையில் குறியுங்கள். சிவப்பு மைக்கு இந்தப் புராணத்தில் ஒரு மகிமை உண்டு.

வாடகைப் படலம்

சொந்தப் பெயர் எதற்கு, இலவசமாக இடம் கொடுக்கிறார்களே என்று அப்போதும் கேட்டார்கள். அவர்களுக்காகவே 1994-ல் ஜியோசிட்டீஸ் முளைத்தது. ஊர் மாதிரியே அதில் பேட்டைகள். சினிமாப் பைத்தியங்களுக்கு ஹாலிவுட், கணினிப் பைத்தியங்களுக்கு சிலிக்கான் வேலி, ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண். லட்சக்கணக்கான பேர் குடியேறி, பூனைப் படம் மாட்டி, வருகிறவர்கள் கையெழுத்துப் போட விருந்தினர் புத்தகமும் வைத்தார்கள். 1999-ல் யாஹூ அந்த ஊரை 300 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மொத்த ஊரையும் இடித்தது. பட்டா இல்லாத வீடு, புல்டோசர் வந்தால் யாரிடம் போய் நிற்பது?

அதற்கு முன்பே பலர் ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்துக்குக் குடிபோயிருந்தார்கள். கூகுள் அதை 2014 செப்டம்பர் 30-ல் மூடியது. அதே கூகுள் பேஸ்புக்குக்குப் போட்டியாகக் கட்டிய கூகுள் பிளஸ்ஸில், அதைக் கட்டியவர்களைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா என்ற சந்தேகம் தீரும் முன்பே 2019-ல் அதையும் மூடினார்கள்.

பேஸ்புக் மட்டும் சிரஞ்சீவியா? 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தாற்போல் ஆறு மணி நேரம் அளவுக்கு மூர்ச்சையாகிக் கிடந்தன. பராமரிப்பு வேலையில் யாரோ கொடுத்த ஒரு கட்டளை, அவர்கள் வீட்டுக்கு வரும் வழியையே உலக வரைபடத்திலிருந்து துடைத்துவிட்டது. சரிசெய்யப் போன ஊழியர்களின் அடையாள அட்டைக்கு அலுவலகக் கதவே திறக்கவில்லை என்று அன்றைக்குச் செய்தி. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான், பூட்டு மட்டும் கொஞ்சம் பெரிசு. வாட்ஸ்அப்பில் மட்டும் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்த கேக் கடைக்காரர்கள் அன்றைக்குக் கூரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

இதனால் பேஸ்புக்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கூட்டம் அங்கேதான் இருக்கிறது, தேர்த்திருவிழாவில் கடை போடாமல் வேறு எங்கே போடுவது? ஆனால் திருவிழாக் கடையை நம்பி வீட்டை விற்கக் கூடாது. சொந்தப் பெயரில் ஒரு சின்ன சைட், அதில் விலாசம், போன் எண். பேஸ்புக்கில் எழுதுவதை முதலில் சொந்த சைட்டில் போட்டுவிட்டு, பிறகு திருவிழாவுக்கு எடுத்துப் போங்கள். வாடிக்கையாளர் இசைந்து கொடுத்த மின்னஞ்சல், போன் எண்களை உங்கள் நோட்டில் வைத்திருங்கள். ஊரை இடித்தாலும் நோட்டு உங்கள் இடுப்பில் இருக்கும்.

அலங்காரப் படலம்

1994 வாக்கில், பிரவுசர் செய்துவந்த நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மான்டுலி என்று ஓர் இளைஞர். ஒருநாள் சாயங்காலம் மதுக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்து, எழுத்து மட்டுமே காட்டக்கூடிய பழைய பிரவுசரில் என்ன அலங்காரம் செய்ய முடியும், எழுத்தை வேண்டுமானால் அணைந்து அணைந்து எரியவைக்கலாம் என்று கேலி பேசினார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர் நேரே ஆபீசுக்குப் போய் ராத்திரியோடு ராத்திரியாக அதைச் செய்தே முடித்துவிட்டார். மதுக்கடையில் எடுத்த முடிவால் உலகம் அவதிப்பட்டது அது முதல் தடவையும் இல்லை, கடைசித் தடவையும் இல்லை. கடைகளின் சைட்டெல்லாம் சீரியல் செட் போட்ட கோயில் கோபுரமாக மின்ன ஆரம்பித்தன. கடைசியாக அதை ஆதரித்துவந்த பெரிய பிரவுசரான ஃபயர்பாக்ஸ் 2013-ல் ஃபியூஸைப் பிடுங்கியது.

மின்னுவதோடு விட்டார்களா? பக்கம் திறந்ததும் தானே பாடும் இசை, வேலை நடக்கிறது என்று மண்வெட்டியோடு நிற்கும் பொம்மை (ஏழு வருஷமாக அதே மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்பார்), அடியில் வருகையாளர் எண்ணிக்கைப் பெட்டி. அதில் ஏறிய எண்ணில் பாதி, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வந்த முதலாளியுடையது.

அலங்காரத்தால் அழிந்த அரண்மனை ஒன்று உண்டு. பூ டாட் காம், லண்டனில் தலைமையகம், பல நாடுகளுக்கு நவநாகரிக உடை விற்கும் கடை. 1999 நவம்பரில் திறந்தார்கள். உள்ளே நுழைந்தால் மிஸ் பூ என்ற பொம்மைப் பெண் வரவேற்பாள், சட்டையை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கலாம். சங்கதி என்னவென்றால், அன்றைக்கு வீடுகளில் இருந்தது கிறீச்சென்று கத்தும் டயல்-அப் மோடம். சட்டை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் துணி எடுத்து, தைத்து, காஜா அடித்துப் போட்டுக்கொண்டே விடலாம். ஆப்பிள் மேக் வைத்திருந்தவர்களுக்கு முதலில் கதவே திறக்கவில்லை. முதலீட்டாளர்கள் கொட்டிய 13 கோடி டாலர் சொச்சமும் கரைந்தது. 2000 மே மாதம் கடைக்கு நாமம் போட்டார்கள்.

மிஸ் பூ இன்னும் சாகவில்லை, வேஷம் மாற்றிக்கொண்டு திரிகிறாள். கடை சைட்டைத் திறந்ததும் முகப்பில் தானாக ஓடும் வீடியோ, கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய 8 எம்பி போட்டோ, பத்து நொடிக்கு ஒருமுறை எழும்பி 'சந்தா செய்யுங்கள்' என்று மறிக்கும் பெட்டி, எல்லாம் அவள் அவதாரங்களே. படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள். செல்போன் திரைக்கு 200 கேபி தாராளம். சைட்டை ஆபீஸ் வைஃபையில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பஸ்ஸில், சிக்னல் ஒற்றைக் கோடாக இருக்கும்போது, உங்கள் மாமியாரின் பழைய போனில் திறந்து பாருங்கள். அவர் பெருமூச்சு விடும் முன்பு போன் எண்ணும் கடை நேரமும் தெரிந்தால் நீங்கள் பாஸ். அந்த எண்ணைத் தொட்டவுடன் அழைப்பு போக வேண்டும். எண்ணைப் படமாகப் போட்டு, மனப்பாடம் செய்து அடிக்கவைக்கிற கடைகள் இன்றும் உண்டு.

தேடு படலம்

கடை இருப்பதை நாலு பேர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமே? ஆல்டாவிஸ்டா போன்ற அக்காலத் தேடுபொறிகள் வெள்ளந்தி. ஒரு பக்கத்தில் ஒரு சொல் நிறைய வந்தால், ஓஹோ, இதில் விஷயம் இருக்கிறது என்று நம்பிவிடும். நம்மவர்கள் விடுவார்களா? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாமல், மலிவு மலிவு மலிவு என்று நூறு தடவை எழுதி வைத்தார்கள். ஸ்ரீராமஜெயம் எழுதியிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

1998-ல் வந்த கூகுள் வேறு கணக்குப் போட்டது: உன்னைப் பற்றி நீ சொல்வது இருக்கட்டும், ஊரில் எத்தனை பேர் உன் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள்? ஓட்டு என்று வந்தால் ஓட்டுக்குப் பணமும் வரும், இதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இணைப்பு விற்கவே தளங்கள் முளைத்தன. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு குட்டை உடைத்தது. ஆடை, மெத்தை விரிப்பு, தரைக் கம்பளம் என்று எதைத் தேடினாலும் ஜே.சி.பென்னி கடை முதலில் வந்தது எப்படி என்றால், சம்பந்தமே இல்லாத தளங்களில் ஆயிரக்கணக்கில் இணைப்புகள். எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது கம்பெனி. கூகுள் அதைப் பின்வரிசைக்குத் தள்ளியது. அதற்கு முன்பே, 2006-ல், பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் சைட் தேடுபொறிக்கு ஒரு முகம், வாடிக்கையாளருக்கு ஒரு முகம் என்று இரட்டை வேடம் போட்டுப் பிடிபட்டு, சில நாள் கூகுளில் தலைமறைவானது. அப்புறம் பாண்டா, பென்குயின் என்று மிருகக்காட்சிசாலைப் பெயர் சூட்டிய திருத்தங்களை ஏவி, கூகுள் களை எடுத்தது.

பிஎம்டபிள்யூவுக்கே அந்தக் கதி என்றால், ஒரே மாதத்தில் முதலிடம் என்று போனில் கூப்பிடுகிறவரை நம்பி நீங்கள் பணம் கட்டுவதைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கடைக்கு வந்து வாய்திறந்து கேட்கிற கேள்விகளை ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். 'ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா?', 'பழைய மிக்ஸி ஜாருக்குப் பிளேடு கிடைக்குமா?', 'பார்க்கிங் உண்டா?' அந்தக் கேள்வியே தலைப்பு, உங்கள் பதிலே பக்கம். கூகுள் மேப்பில் கடையை இலவசமாகப் பதிந்து, பெயரும் விலாசமும் நேரமும் சைட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ரகசியமே இல்லை, அதனால்தான் இதை யாரும் காசுக்கு விற்பதில்லை.

எழுத்துருப் படலம்

ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு இல்லாத ஒரு சோதனை தமிழருக்கு இருந்தது. 90களின் கடைசியில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கிக்கொள்ளாமல் உள்ளே போனால் தமிழ் தெரியாது, கோழி கிளறிய குப்பை தெரியும். எந்தக் குறியீட்டு முறை என்பதில் டிஸ்கி என்றது ஒரு கட்சி. டாப், டாம் என்றது இன்னொரு கட்சி. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 என்று மாநாடே கூடிப் பேசினார்கள். இத்தனைக்கும் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடின், 1991-ல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. மாப்பிள்ளை வாசலில் காத்திருக்க, உள்ளே பந்தி விசாரணை.

யூனிகோடு வீடு வந்து சேர்ந்ததும் மடை திறந்தது. 2003 வாக்கில் தமிழ் வலைப்பதிவுகள் தலையெடுத்தன, 2004-ல் அவற்றை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் தமிழ்மணம் திரட்டி வந்தது. பதிவர், பின்னூட்டம், மொக்கை, கும்மி என்று ஒரு கலைச்சொல் அகராதியே உருவானது, அரசு எதுவும் குழு போடாமல். பதிவைப் படிக்கும் முன்பே 'மீ த ஃபர்ஸ்ட்' என்று பின்னூட்டம் விழும். எழுதியவர்கள் மகா திறமைசாலிகள், தலைப்பு வைப்பதில் மட்டும் சித்தர்கள். மிளகு ரசம் வைக்கும் பக்குவத்தை அணு அணுவாக எழுதிவிட்டு, மேலே 'மழை நாள்' என்று தலைப்பு வைப்பார்கள். ரசம் தேடி வருகிறவர் அந்த மழையில் நனையாமலே போய்விடுவார். தலைப்பில் ரசத்தைச் சொல்லுங்கள், மழையை உள்ளே பெய்யவிடுங்கள்.

அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற யூனிகோடை இன்று கடைக்காரர்கள் எப்படிக் கொண்டாடுகிறார்கள்? விலைப்பட்டியலைத் தமிழில் அழகாக அச்சடித்து, போட்டோ எடுத்து, ஜேபெக் படமாக ஏற்றிவிடுகிறார்கள். படத்துக்குள் இருக்கிற 'இடியாப்பம்' தேடுகிறவர் கண்ணில் படுவது சந்தேகம். பார்வையற்றவரின் போன் அதை வாசித்துக் காட்டும்போது 'படம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எழுத்தை எழுத்தாகவே போடுங்கள். படம் தேவைப்பட்டால் அதில் இருப்பது என்ன என்று மாற்று உரைக்கான கட்டத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

அழி படலம்

கடவுச்சொல்லின் தலையெழுத்து தொடக்கத்திலேயே கோணலாகிவிட்டது. 1960களில் அமெரிக்காவின் எம்ஐடியில் பலர் ஒரே கணினியைப் பங்குபோட்டுப் பயன்படுத்த ஏற்பாடு செய்தபோது ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். 1966-ல் இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் வேலை பார்த்ததில் தற்காலிகக் கோப்புகள் இடம் மாறிவிட்டன. அன்றைக்கு உள்ளே நுழைந்த அத்தனை பேரையும் வணக்கம் சொல்லி வரவேற்க வேண்டிய இடத்தில், எல்லாருடைய கடவுச்சொல் பட்டியலும் அச்சாகி வந்தது. ஆகையால் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி வேண்டாம். கடை மின்னஞ்சலுக்கும் டொமைன் கணக்கிற்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். கடைப் பெயரோடு 123 சேர்த்தால் அது கடவுச்சொல் ஆகாது, விளம்பரம்.

காப்பை மறந்த பாவம் கடைசிவரை துரத்தியது. ஒரு காலத்தில் பேஸ்புக்கையே ஓரங்கட்டியிருந்த மைஸ்பேஸ், சர்வர் மாற்றும்போது 12 வருஷமாக ஏறியிருந்த பாட்டுகளைத் தொலைத்துவிட்டதாக 2019-ல் ஒப்புக்கொண்டது. தொலைந்தவை 5 கோடி என்று கணக்குச் சொன்னார்கள். எங்கள் பாட்டு அங்கே பத்திரமாக இருக்கிறது என்று வேறு பிரதி வைக்காத கலைஞர்கள் வாய்க்கரிசி போட்டார்கள்.

பிரதி வைத்திருந்தவர்கள் கதையும் உண்டு. 2017 ஜனவரி 31 ராத்திரி, நிரலாளர்களின் பெட்டகமான கிட்லேபில் அசந்துபோன ஊழியர் ஒருவர் தவறான சர்வரில் அழிப்புக் கட்டளையைத் தட்டிவிட்டார். 300 ஜிபி இருந்த இடத்தில் மிஞ்சியது 4.5 ஜிபி. பதறாதே, ஐந்து வகைக் காப்பு இருக்கிறதே என்று ஒவ்வொன்றாகத் திறந்தால் ஒன்றும் உருப்படியாக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு பிரதி கைகொடுத்தது. மீட்புப் பணியை அவர்கள் யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். மானம் போனாலும் நாணயம் போகவில்லை.

காப்பு எடுப்பது பாதி வேலை. எடுத்ததைத் திறந்து பார்ப்பது மீதி. மாதம் ஒரு தடவை சைட்டை, பதிவுகளை, பொருள் பட்டியலைப் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டு ஹார்டு டிஸ்கிலும் ஒன்றை வேறு இடத்திலும் வையுங்கள். அமாவாசைக்குத் திருஷ்டி சுற்றுகிறீர்கள் அல்லவா, அதே நாளில் இதையும் வைத்துக்கொண்டால் மறக்காது.

நூற்பயன்

இந்தப் புராணத்தைப் படித்தவர் டொமைன் இழக்க மாட்டார், கேட்டவர் வாடகை வீட்டை நம்ப மாட்டார், மச்சினனுக்கு அனுப்பிவைத்தவர் கடவுச்சொல் திரும்பப் பெறுவார்.

அணைக்காதே என்று சிவப்பு மையில் எழுதிய அந்தக் கறுப்புப் பெட்டி இப்போது கண்காட்சிப் பொருள். சீட்டு ஓரம் கிழிந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெட்டியை மட்டும் எப்போதோ அணைத்துவிட்டார்கள். 2013-ல் செர்ன்காரர்கள் முதல் பக்கத்தைப் பழைய முகவரியிலேயே திரும்ப ஏற்ற முனைந்தபோது கையில் கிடைத்தது 1992-ஆம் ஆண்டுப் பிரதி. செய்தி பரவியதும் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், என்னிடம் அதற்கும் முந்தினது இருக்கிறது என்றார். 1991-ல் அந்தப் பக்கம் வந்த டிம், வந்த இடத்தில் கொடுத்துவிட்டுப் போனதாம்.

டிம் தன்னை அறியாமலே எடுத்த காப்பு அது. அந்தப் பக்கத்தை இன்றைக்கு மாமியாரின் போனில் திறந்தாலும் கண் இமைப்பதற்குள் வந்து நிற்கிறது. இது என்ன, யார் செய்தார்கள், எப்படிப் பெறுவது, உதவிக்கு எங்கே போவது. எதுவும் மின்னவில்லை.